மலைநில உழவரும் அரசினர் கடனும்

தோற்றுவாய்

'கடன்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் வழங்குகின்றன. பிறர்பால் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருள் ஒன்று. ஒருவர் தவறாது செய்தற்குரிய கடமை மற்றொன்று. ஒருவர் கைப்பொருள் மற்றொருவர் கைக்கு மாறும்பொழுது அதனோடு ஒரு கடமையும் மாறுகின்றது என்பதை இச்சொல் நமக்கு அறிவுறுத்துவது போலும். மலைநாட்டு உழவர்க்கு அரசினர் அளிக்கும் கடனுதவியையும், மண்ணும் மரமும் அழியாது காத்தற்கு அவர்கள் வகுத்துள்ள திட்டங்களையும் ஆராயப் புகுவார்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே எதிர்ப்படும். உழவர் அரசினர்க்குப் பட்ட கடன் யாது? மலைக்கு நாம் பட்ட கடன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் சேர்வராயன் மலையைச் சான்றாக வைத்து விடை காண முயல்வாம்.

நிலமும் மக்களும்

சேர்வராயன் மலை சேலம் நகருக்கு வடபால் அமைந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. அதன்மீதுள்ள ஏற்காடு கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுடையது. சேர்வராயன் கோயிலைத் தாங்கி நிற்கும் முடி 1,600 மீட்டரினும் உயர்ந்தது. ஏரியும் காடும் சேர்ந்து அமைந்தமையின் ஏற்காடு எனப் பெயர் பெற்றது என்பர்.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருள்பட வழங்குவது. இவர்தம் முன்னோர் காஞ்சியினின்று போந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவருள் மூத்தவன் வழியினரே சேர்வராயன் மலையில் வாழ்வோர் என்றும் இவர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். இவர்கள் பேசுவது தமிழே. சாமையும் கேழ்வரகும் இவர்தம் பழைய விளைபொருள்கள்.

1820 முதல் 1829 வரை சேலம் மாவட்டத்தின் கலெக்டராக விளங்கிய காக்பர்ன் என்பார் காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொணர்ந்தார். அது முதற்கொண்டு மலையின் தோற்றமே வேறாயிற்று. பெருந்தோட்டங்கள் எழுந்தன. நாளடைவில் மலைக்குடிகளும் தத்தம் சிறு நிலங்களில் காப்பிச் செடி நடலாயினர். நிழலுக்குச் சவுக்கு மரமும் பலாவும், அம்மரங்களின்மேற் படர்வதற்கு மிளகுக் கொடியும், இடையிடையே ஆரஞ்சும் என இன்று ஒரே நிலத்தில் பல பயிர் கலந்து நிற்கக் காணலாம். மலையினர் சவுக்கு என வழங்கும் இம்மரம் கடற்கரைச் சவுக்கன்று. ஆஸ்திரேலியா நாட்டினின்று வந்த சில்வர் ஓக் மரமாகும்.

நிற்க. இம்மலையின் சிறப்பு அதன் உச்சியோடு முடிவதன்று. திருமணிமுத்தாறு இங்கே தோன்றிச் சேலம் நகரினூடே சென்று காவிரியிற் கலக்கின்றது. சரபங்கா ஆறும் இங்கே பிறந்து காவிரியையே அடைகின்றது. வாணியாறு மறுபுறம் இறங்கித் தருமபுரி மாவட்டத்து வயல்களை நனைத்துத் தென்பெண்ணையோடு கூடுகின்றது. ஆகவே ஏற்காட்டு உழவர் ஒருவர் தம் சரிவு நிலத்தில் மண்வெட்டியை எவ்வாறு பிடிக்கின்றார் என்பது, அவரை ஒருநாளும் கண்டறியாத சமவெளி உழவர்தம் ஏரியையும் கிணற்றையும் பற்றிய செய்தியாகும். இதனை வாசகர் நெஞ்சில் நிறுத்துவாராக. இக்கட்டுரையின் முடிவு இதன்மேற் கட்டப்பெறுவது.

மண் காக்கும் வகை

சமவெளியில் மழை நின்று இறங்கும். மலைச்சரிவில் ஓடி இறங்கும். ஓடும் நீர் வெறுங்கையோடு செல்வதில்லை. மேல்மண்ணை வாரிக்கொண்டே செல்லும். அம்மேல்மண் ஓர் அங்குலம் உண்டாவதற்குப் பல நூறாண்டுகள் வேண்டும். ஒரு பெருமழை அதனை ஓரிரவில் கொண்டுபோய்விடும். போன மண் சரிவிற்கும் பயன்படாது. கீழுள்ள ஏரியைத் தூர்த்துவிடும் ஆதலின் அங்கும் தீமையே விளைக்கும்.

இதனைத் தடுக்கும் வழிகள் புதியன அல்ல. சரிவிற்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், வரப்பு எடுத்தல். கல் மிகுந்த இடத்தில் கற்சுவர் அடுக்குதல். நிலத்தைப் படிப்படியாகத் திருத்துதல். ஓடைகளில் தடுப்பணை கட்டுதல். காப்பி வரிசைகளுக்கிடையே தொட்டில் போன்ற நீள்குழிகள் வெட்டி, நீரையும் சருகையும் அவற்றுள் தங்கச் செய்தல் என்பன அவை.

இவை எல்லாவற்றினும் சிறந்த காவல் மரம். நிழல்மரத்தின் இலை மழைத்துளியின் வேகத்தைத் தாங்குகின்றது. அதன் சருகு நிலத்திற்குப் போர்வையாகின்றது. அதன் வேர் மண்ணைக் கட்டுகின்றது. காப்பிக்கு அதனால் வேறொரு நன்மையும் உண்டு. காப்பித் தண்டினைத் துளைத்துச் செடியையே கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு வெயிலை விரும்புவது. வெயில்படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் அது முட்டையிடும். நிழல் குறைந்த தோட்டத்தில் அது பெருகும். நல்ல நிழலுள்ள தோட்டத்தில் அடங்கும்.

இங்கே கடனும் மண்ணும் ஒன்றையொன்று தொடுமிடத்தைக் காண்க. கடன் நெருக்கும்போது உழவர் விற்பதற்கு எளிதாகக் கிடைப்பது நிழல்மரம். மரம் போயிற்று, வெயில் புகுந்தது, வண்டு பெருகிற்று, செடி பட்டது, அடுத்த ஆண்டின் விளைவு குறைந்தது, கடன் முன்னினும் மிகுந்தது. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுதலையும் நிலம் திருத்துதலையும் வரையறுக்க 1955ஆம் ஆண்டில் மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. அறிவிக்கப்பெற்ற பகுதிகளில் குழுவினரின் இசைவின்றி மரம் வெட்டலாகாது என்பது அதன் விதி. நல்ல விதியே. ஆயின் 'வெட்டாதே' என்று சொல்லும் சட்டம், வெட்டத் தூண்டும் வறுமைக்கு மருந்து சொல்வதில்லை. அம்மருந்தே கடனுதவி ஆதல் வேண்டும்.

கடனுதவியின் வரலாறு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைச் சேலம் மாவட்டம் மறந்திருத்தல் இயலாது. அதன்பின் அமைந்த பஞ்ச விசாரணைக் குழுவினர் 1880ஆம் ஆண்டில் தம் அறிக்கையை வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து எழுந்தவை இரு சட்டங்கள். 1883ஆம் ஆண்டின் நிலமேம்பாட்டுக் கடன் சட்டம் ஒன்று. 1884ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டம் மற்றொன்று. இவற்றின்வழி அளிக்கப்பெற்ற பணமே 'தக்காவிக் கடன்' என மக்கள் வாயில் வழங்கியது.

இவ்விரண்டையும் அக்காலத்தார் வேறுபடுத்தி வைத்தமை நம் கருத்திற்குரியது. விதை, மாடு முதலியன வாங்குதற்கும், இடுக்கண் வந்தவிடத்து அதனைத் தாங்குதற்கும் உரியது 1884ஆம் ஆண்டின் சட்டம். கிணறு வெட்டுதல், நிலம் திருத்துதல், வெள்ளத்தினின்றும் நீரரிப்பினின்றும் நிலத்தைக் காத்தல் ஆகியவற்றிற்கு உரியது 1883ஆம் ஆண்டின் சட்டம். பின்னதன்வழிப் பெற்ற கடனைத் தவணை முறையில் 35 ஆண்டு வரையிலும் நீட்டித்துச் செலுத்த இடமிருந்தது. விதைக்கு இட்ட பணம் ஓராண்டில் விளைந்து திரும்பும். நிலத்திற்கு இட்ட பணம் ஒரு தலைமுறையிலேதான் திரும்பும். இவ்வுண்மையைச் சட்டம் செய்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆயினும் அரசினர் அலுவலகத்து வாயிலில் நின்று கடன் பெறுதல் ஏழை உழவர்க்கு எளிதாயில்லை. பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி உழவர்க்குரிய வங்கிகளைப் பற்றி ஆராய்ந்து 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு பகுதியாக அறிக்கை வெளியிட்டார். செருமானிய நாட்டுச் சிற்றூர்களில் இரைபைசன் என்பார் நிறுவிய கூட்டுறவுச் சங்கங்களின் முறையே நம் ஊர்களுக்கும் ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு. நிலமில்லாதவனுக்கும் நாணயம் உண்டு. ஊரார் ஒருவரையொருவர் அறிவர். அவ்வறிவே பிணையாகும் என்பது அம்முறையின் உயிர். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. நீண்டகாலக் கடனுக்கென 1929ஆம் ஆண்டில் சென்னையில் மத்திய நில அடமான வங்கி நிறுவப்பெற்றது.

காப்பி பயிரிடுவார்க்கு 1942ஆம் ஆண்டின் சட்டத்தால் காப்பி வாரியம் துணையாயிற்று. விளைந்த காப்பியை வாரியத்தின் பொதுக்களத்திற் சேர்த்தால் உடனே ஒரு முன்தொகையும், விற்பனைக்குப் பின்னர் மீதித்தொகையும் கிடைக்கும். அம்முறை 1990க்குப் பின் படிப்படியாகத் தளர்ந்து, 1996ஆம் ஆண்டோடு நீங்கிற்று. தம் விளைவைத் தாமே விற்கும் உரிமை கிடைத்தது. அதனோடு விலையின் ஏற்றத்தாழ்வையும் தாமே தாங்கும் சுமையும் சிறு விவசாயியின் தோளில் ஏறிற்று.

இந்நாளைய ஏற்பாடுகள்

பழங்குடி மக்கட்கெனக் கடனும் விற்பனையும் பண்டம் வழங்குதலும் ஓரிடத்தே நிகழும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வேண்டும் என 1971ஆம் ஆண்டளவில் பாவா குழுவினர் பரிந்துரைத்தனர். 'லேம்ப்' சங்கம் என வழங்கும் அத்தகைய சங்கம் ஏற்காட்டிலும் உண்டு. அரசினரின் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதிகளுள்ளும் ஏற்காடு ஒன்றாகும்.

1998ஆம் ஆண்டு முதல் உழவர் கடன் அட்டை வழங்கப்பெற்று வருகின்றது. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனை உரிய நாளிற் செலுத்துவார்க்கு வட்டியில்லை. அடமானமின்றி அளிக்கும் உழவுக்கடனின் வரம்பை இந்திய ரிசர்வ் வங்கி 1,60,000 ரூபாயினின்று 2,00,000 ரூபாயாக உயர்த்தி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கும் சிறு குறு விவசாயிகட்கு முழு மானியம் உண்டு. மண்காப்புப் பணியை வேளாண்மைப் பொறியியல் துறையினர் மேற்கொள்கின்றனர். அதற்கு 1959ஆம் ஆண்டின் நிலமேம்பாட்டுத் திட்டச் சட்டம் துணைநிற்கின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே அமைந்துள்ளது.

கடன் தள்ளுபடியும் பலமுறை நிகழ்ந்தது. 2021ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 16.43 இலட்சம் உழவர்தம் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியாயிற்று. அது பலர்க்கு உயிர்மூச்சாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சங்கத்தில் கடன் பெற்றவர்க்கே தள்ளுபடி. சங்கத்தின் வாயிலை எட்டாமல் வணிகரிடம் முன்பணம் வாங்கி, பூக்கும் முன்பே காப்பியையும் மிளகையும் அடகு வைத்தவர்க்கு அதனால் வந்த பயன் ஒன்றுமில்லை.

இரண்டு முட்டுப்பாடுகள்

இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் மலைநில உழவர்க்கு முட்டுப்பாடு நேர்வது ஏன்? காரணம் இரண்டு எனத் தோன்றுகின்றது.

முதலாவது காலம். ஓர் உழவர்க்குச் சரிவில் 2 ஏக்கர் நிலம் உளது என்று கொள்வோம். அவர் அதில் கற்சுவர் அடுக்கி, நிழல்மரம் வைத்து, காப்பியும் மிளகும் நட விரும்புகின்றார். காப்பி காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். மிளகுக்கொடி ஏறுவதற்கு முன் அது பற்றும் மரம் வளர்தல் வேண்டும். கற்சுவரோ ஒருநாளும் காய்ப்பதில்லை. மண் போகாமல் நிற்பதே அதன் விளைவு. அவ்விளைவைச் சந்தையில் எடைபோட்டு விற்றல் இயலாது. அவர் கைக்கு எளிதாக எட்டும் கடனோ பயிர்க்கடன். அது ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். நீண்ட வேலையைக் குறுங்கடனால் செய்யப் புகுந்தவர் தவணை தவறுவது அவர்தம் சோம்பலால் அன்று. கணக்கின் இயல்பால் ஆகும். 1883ஆம் ஆண்டினர் இருவேறு சட்டமாகப் பிரித்துவைத்ததன் அறிவு ஈண்டுப் புலனாகும்.

இரண்டாவது பட்டா. கடன் கேட்பார் பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் காட்டவேண்டும். மலையூர்களில் பாட்டன் பெயரிலுள்ள நிலத்தைப் பேரர் நால்வர் பிரித்து உழுவதும், பிரிவினை ஏட்டில் ஏறாதிருப்பதும் உண்டு. காட்டை ஒட்டிய நிலத்தில் தலைமுறையாக உழுவார்க்குப் பட்டாவே இல்லாதிருத்தலும் உண்டு. அத்தகையோர்க்கென 2006ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் இயற்றப்பெற்றது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடியினர்க்கு 4 ஹெக்டேர் வரை உரிமை அளிப்பது அது. தமிழ்நாட்டில் வழக்கு ஒன்றின் காரணமாக உரிமை வழங்குதல் தடைப்பட்டு, 2016ஆம் ஆண்டில் அத்தடை நீங்கிய பின்னரே பணி தொடர்ந்தது.

அவ்வுரிமையைத் தந்தையினின்று மகன் பெறலாம். பிறர்க்கு விற்றல் ஆகாது. இவ்விதி அறிவுடையது, கடனுக்காகப் பழங்குடியினர் தம் நிலத்தை இழத்தலை இது தடுக்கின்றது. விவிலியத்தில் நெகேமியா என்னும் நூலைப் பயின்றார், பஞ்சத்தில் தானியம் வாங்குதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்த மக்களின் ஓலத்தையும், அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி நெகேமியா செல்வரை வற்புறுத்தியதையும் அறிவர். ஆயினும் விற்க இயலாத நிலம் பெருங்கடனுக்கு அடமானமாதல் அரிது. நிலத்தைக் காக்கும் விதியே நிலத்தைத் திருத்தும் பணத்திற்குத் தடையாகின்றது. இச்சிக்கலை விதியைத் தளர்த்தி அவிழ்ப்பது பெருந்தீங்கு. நிலத்தைப் பிணையாகக் கேளாத வேறு வழியைக் காண்டலே அறம்.

கடனும் கொடையும்

அவ்வழி யாது? அமெரிக்க நாட்டு வரலாறு இதற்கு ஓரளவு விளக்கம் தரும். அந்நாட்டுப் பெருஞ்சமவெளிகளில் புல்லை அழித்து உழுத நிலம் வறட்சியிற் புழுதியாகி எழுந்தது. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்புழுதி கிழக்குக் கடற்கரை நகரங்கள்வரை சென்று வானை மறைத்தது. மறு ஆண்டே அந்நாட்டினர் மண்காப்புச் சட்டம் இயற்றினர். பின்னர் உழவர் தாமே கூடி மண்காப்பு வட்டங்கள் அமைத்தனர்; அவற்றுள் முதலாவது வட கரோலினாவில் 1937ஆம் ஆண்டில் தோன்றியது. மண் காக்கும் வேலைக்கு அறிவுரையும் செலவில் ஒரு பங்கும் அரசினர் தருவர். உழைப்பும் எஞ்சிய செலவும் உழவருடையன. மண் உழவர்க்கு மட்டும் உரியதன்று, நாட்டுக்கும் உரியது என்னும் கருத்தே அப்பங்கீட்டின் அடிப்படை.

இக்கருத்தை நம் மலைக்குப் பொருத்துவோம். உழவர் வாங்கும் உரம், விதை, கருவி ஆகியவற்றின் பயன் அவரையே சாரும். அதற்குக் கடன் தருதல் முறை. கற்சுவரும் தடுப்பணையும் நிழல்மரமும் தரும் பயனோ இரு கூறாகப் பிரியும். ஒரு கூறு அவர் நிலத்தில் நிற்கும். மற்றொரு கூறு திருமணிமுத்தாற்றிலும் சரபங்காவிலும் வாணியாற்றிலும் இறங்கிக் கீழுள்ளாரைச் சேரும். கீழுள்ளார் பெறும் பயனுக்கு மேலுள்ளார் வட்டி கட்டுதல் முறையோ? அப்பங்கு கொடையாகவே வருதல் வேண்டும். அதனைக் கொடை என்றலும் பிழை; சமவெளியார் மலைக்குப் பட்ட கடனைத் திருப்புதல் என்பதே பொருந்தும்.

நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நீலகிரிக்கு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டமும், மேற்குத் தொடர்ச்சி மலை வட்டங்களுக்குத் தனித் திட்டமும் வகுத்து மைய அரசினர் பொருளுதவி செய்தனர். கிழக்குத் தொடர்ச்சியைச் சார்ந்தமையின் சேர்வராயன் மலை அவ்விரண்டின் எல்லைக்கும் புறத்தே நின்றது. மழை பெய்வதும் மண் அரிப்பதும் தொடர்ச்சியின் பெயரைக் கேட்டு நிகழ்வன அல்ல.

ஆகவே வேண்டுவன மூன்று எனலாம். மண் காக்கும் வேலைக்கு மானியமும், நீண்டகாலப் பயிர்க்கு அது காய்க்கத் தொடங்கும் ஆண்டின் பின் தவணை தொடங்கும் கடனும், ஆண்டுப் பயிர்க்குக் குறுங்கடனும் எனப் பிரித்து அளித்தல் ஒன்று. நிலத்தைப் பிணையாகக் கேளாது, நிக்கல்சன் காட்டிய வழியில் ஊராரின் கூட்டுப் பொறுப்பைப் பிணையாக ஏற்றல் இரண்டு. ஒவ்வோர் ஓடையின் நீர்ப்பிடிப்புக்கும் மலையூராரையும் அடிவாரத்து ஊராரையும் ஒரே சங்கத்திற் சேர்த்தல் மூன்று. மூன்றாவது இல்லையேல் முன்னிரண்டும் அரசினர் ஏட்டளவில் நின்றுவிடும்.

முடிவுரை

மாணவத் தோழர்களே! இவை யாவும் அரசினர் செய்யவேண்டியன. நமக்கென்ன என்று இருத்தல் தகாது. மலையூரார் பலர் திட்டங்களை இழப்பது அவை இல்லாமையால் மட்டும் அன்று. விண்ணப்பம் எழுதுவாரும், பட்டா மாறுதலுக்குரிய தாள்களை வரிசைப்படுத்துவாரும், எந்தத் திட்டம் எந்த அலுவலகத்தில் உளது என்று சொல்லுவாரும் இல்லாமையால் ஆகும். கற்றார் சிலர் விடுமுறையில் ஒரு வாரம் மலையூர் ஒன்றில் தங்கி, ஒவ்வொரு குடும்பத்தின் நிலவுரிமைத் தாளையும் படித்துப் பார்த்து, குறையுள்ளதற்கு மனு எழுதிக் கொடுப்பின், அது பட்டமளிப்பு விழாச் சொற்பொழிவு பலவற்றினும் பயனுடைத்தாகும். அரசினர் வழங்கும் உரிமையைப் பெறத் துணைசெய்தல் பிச்சையிடுதல் அன்று. அக்குடிகளைத் தலைநிமிர்ந்து நிற்கச் செய்தலாம்.

சேலத்து வீடுகளிலும் வயல்களிலும் பயன்படும் நீரில் ஒரு பங்கு சேர்வராயன் மலையின் மரநிழலில் இறங்கி ஊறியது. அதற்கு நாம் விலை கொடுத்தோமில்லை. மலைநில உழவர் தம் கடனை ஆண்டுதோறும் கணக்கிட்டுச் செலுத்த முயல்கின்றனர். நம் கடனையும் கணக்கெழுதத் தொடங்குவோமாக.